ஸ்பேஸ்பார் மீது சுமத்தும் பழி

வேர்ட் கோப்பு ஒன்று பென் டிரைவில் ஏறி இன்னொரு கணினிக்குப் போகிறது. திறந்து பார்த்தால் 80 பக்கம் 84 ஆகியிருக்கிறது. அட்டவணை மார்ஜினைத் தாண்டி நிற்கிறது. படத்தின் குறிப்பு அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது. பொருளடக்கத்தில் ஒரு பக்க எண், உள்ளே வேறொன்று. டி.டி.பி. சென்டர் தொடங்கிப் பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவு வரை இதற்கு ஒரே தீர்ப்புதான் வழங்கப்படுகிறது: டைப் செய்தவருக்கு வேர்ட் தெரியவில்லை. ஸ்பேஸ்பாரைத் தட்டித் தட்டித் தலைப்பை நடுவில் நிறுத்தியிருப்பார், என்டரை அழுத்தி அழுத்தி அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார், ஸ்டைல் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. முறையாகக் கற்றவர் செய்த கோப்பு எந்தப் பதிப்பில் திறந்தாலும் அசையாது என்கிறார்கள்.

இந்தத் தீர்ப்பு தவறானது. ஆய்வேட்டைத் திருப்பி வாங்கி வரும் மாணவியையும், மூன்றாம் முறையாக அதே மனுவை அடித்துக் கொடுக்கும் தட்டச்சரையும் குற்றவாளியாக்குவதால் அநீதியானதும்கூட.

அதில் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. 30 ஸ்பேஸ் போட்டு நடுவில் வைத்த தலைப்பு, எழுத்துருவின் அகலம் மாறினால் நகரத்தான் செய்யும். 12 என்டர் போட்டு உருவாக்கிய பக்க முறிவு, வரி உயரம் சற்றுக் கூடினாலும் பிசகும். ஆனால் கேள்வியை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எழுத்துருவின் அகலம் ஏன் மாறியது? வரியின் உயரம் ஏன் கூடியது? ஸ்பேஸ்பாரைத் தட்டியவர் அதை மாற்றவில்லை. அவர் வைத்தது வைத்தபடியே கோப்புக்குள் இருக்கிறது. மாறியது அதைப் படித்த மென்பொருள்.

வேர்ட் கோப்பு எதைச் சேமிக்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். பக்கத்தின் படம் அதில் இல்லை. எந்த வரி எங்கே முடிகிறது, எந்தப் பத்தி எந்தப் பக்கத்தில் விழுகிறது என்ற உறுதியான கணக்கும் இல்லை. எழுத்தும், அந்த எழுத்துக்கான கட்டளைகளுமே இருக்கின்றன: இந்த எழுத்துரு, இந்த அளவு, இந்த இடைவெளி, இந்த மார்ஜின். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தக் கணினியில் உள்ள பதிப்பு, அங்குள்ள எழுத்துருக்களைக் கொண்டு, தன்னுடைய வரிப்பிரிப்பு விதிகளின்படி பக்கங்களைப் புதிதாகக் கட்டுகிறது. சில கோப்புகளில் இயல்பு அச்சுப்பொறியை மாற்றினாலே பக்க முறிவு மாறுவதுண்டு. இத்தனை பேர் கைவைக்கும் வேலையில் விளைவுக்கு ஒருவர் மட்டும் பொறுப்பு என்பது எப்படி நியாயம்?

வரிப்பிரிப்பு விதிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவது ஊகமல்ல. தயாரிப்பாளரே எண் போட்டு வைத்திருக்கிறார். டாக்எக்ஸ் கோப்பின் அமைப்புப் பகுதியில் இணக்கமுறை என்றொரு மதிப்பு உண்டு. 11 என்றால் 2003 பதிப்பின் விதிகள், 12 என்றால் 2007, 14 என்றால் 2010, 15 என்றால் 2013-க்கும் அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கும் உரிய விதிகள். 15-ஆம் முறையில் வந்த இரண்டு மாற்றங்களைப் பார்த்தாலே போதும். முதலாவது, இருபக்கமும் சமன்செய்த பத்திகளைப் பற்றியது. பழைய முறையில் வரியை நிரப்பச் சொற்களுக்கு நடுவே இடைவெளியை விரிப்பார்கள். புதிய முறையில் தேவைப்பட்டால் இடைவெளியைச் சுருக்கி இன்னொரு சொல்லையும் அதே வரிக்குள் இழுத்துக்கொள்ளலாம். ஒரு சொல் மேலேறினால் பத்தியில் ஒரு வரி குறையலாம். பத்து பத்திகளில் அப்படி நடந்தால் பக்கமே மாறும். இரண்டாவது, அட்டவணையைப் பற்றியது. 2010 வரை கட்டத்துக்குள் இருக்கும் எழுத்து பத்தியின் விளிம்போடு நேராக நிற்கும். அட்டவணையின் கோடு மார்ஜினுக்குள் சற்று நீட்டிக்கொண்டிருக்கும். 2013 முறையில் கோடே விளிம்போடு நேராக நிற்கும். பழைய கோப்பைப் புதிய முறைக்கு மாற்றும் பொத்தானை அழுத்தினால் எல்லா அட்டவணைகளும் ஒரு நூல் நகர்கின்றன. 15-ஆம் முறைக் கோப்பை 2010 பதிப்பில் திறந்தாலோ, அந்த எண்ணின் பொருள் அதற்குத் தெரியாது. தன் விதிப்படியே கட்டும். இதில் ஸ்பேஸ்பார் எங்கே வந்தது?

ஸ்டைல் பயன்படுத்தினால் தப்பலாம் என்ற அறிவுரையைத்தான் மிகவும் கவனமாகச் சோதிக்க வேண்டும். ஏனெனில் மிகப் பரவலான ஒரு சூழலில் அந்த அறிவுரையைக் கேட்டவரே அதிகம் அடிபடுகிறார்.

ஒரு கருத்தரங்கத் தொகுப்பை நினைத்துக்கொள்ளலாம். இருபது பேர் இருபது கணினிகளில் எழுதிய கட்டுரைகளை ஒருவர் ஒரே கோப்பில் ஒட்டுகிறார். 2003 பதிப்பில் நார்மல் என்ற ஸ்டைலின் இயல்பு டைம்ஸ் நியூ ரோமன், 12 புள்ளி, ஒற்றை வரி இடைவெளி. 2007-இல் அது காலிப்ரி, 11 புள்ளி, 1.15 வரி இடைவெளி, ஒவ்வொரு பத்திக்குப் பின்னும் 10 புள்ளி வெற்றிடம் என்றானது. 2013-இல் அந்த இடைவெளி 1.08 ஆகவும், பத்திக்குப் பின் வெற்றிடம் 8 புள்ளியாகவும் குறைந்தது. 2023-இல் எழுத்துருவே ஆப்டோஸ் என்று மாறிவிட்டது. எல்லாக் காலத்திலும் ஸ்டைலின் பெயர் மட்டும் நார்மல்தான். ஒரு கோப்பிலிருந்து வெட்டி இன்னொன்றில் ஒட்டும்போது இரண்டிலும் ஒரே பெயருள்ள ஸ்டைல் இருந்தால், போய்ச் சேரும் கோப்பின் வரையறையே வெல்லும். வேர்டின் இயல்பான ஏற்பாடு அது. ஆகவே பாடப்புத்தகம் சொன்னபடி எல்லாவற்றையும் ஸ்டைலில் வைத்தவரின் கட்டுரை முழுவதும் உருமாறுகிறது. ஸ்டைலைத் தொடாமல் எழுத்தைத் தேர்ந்தெடுத்து நேரடியாக அளவும் எழுத்துருவும் போட்டவரின் கட்டுரை பெரும்பாலும் அப்படியே வருகிறது. வார்ப்புரு விஷயமும் இதே போன்றது. ஆவண ஸ்டைல்களைத் தானாகப் புதுப்பிக்கும் கட்டம் டிக் செய்யப்பட்டிருந்தால், திறக்கும் கணினியில் உள்ள வார்ப்புருவின் வரையறைகள் கோப்பின் வரையறைகள் மேல் ஏறிவிடும். அங்கும் பாதிக்கப்படுவது ஸ்டைலை நம்பியவர்தான். ஸ்டைல் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. நீண்ட ஆவணத்தைத் திருத்த அதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் பதிப்பு மாற்றத்துக்கு எதிரான காப்பாக அதை விற்பது பொய் வாக்குறுதி.

தமிழில் எழுதுகிறவர்களுக்குச் சிக்கல் இதைவிட ஆழமானது. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் நிறைந்த குப்பையாகத் தெரியும். 1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் குறிமுறைகளைத் தரமாக்கியது; 2010-இல் ஒருங்குறியையும் டேஸ் 16-ஐயும் ஏற்றது. ஒருங்குறி வந்தபின் எழுத்து எழுத்தாகவே தெரிகிறது. அது பெரிய விடுதலை. ஆனால் பக்கம் நிலைத்துவிட்டதா?

லதா எழுத்துருவின் கதையே பதில். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து தமிழுக்கென்று கணினியோடு வந்த எழுத்துரு அது. அலுவலகக் கடிதங்கள், வினாத்தாள்கள், ஆய்வேடுகள் என எண்ணற்ற கோப்புகள் லதாவில் அடிக்கப்பட்டன. விண்டோஸ் 8-இல் நிர்மலா யூஐ என்ற புதிய எழுத்துரு வந்தது. விண்டோஸ் 10-இல் லதாவும், விஜயா என்ற இன்னொரு தமிழ் எழுத்துருவும் இயல்பான நிறுவலிலிருந்து எடுக்கப்பட்டு, தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்ற விருப்பத் தொகுப்புக்குப் போயின. தமிழைத் தன் மொழிப் பட்டியலில் சேர்த்தவருக்கு அவை கிடைக்கும். சேர்க்காதவர் கணினியில் இருக்காது. அங்கே லதா கோப்பைத் திறந்தால் வேறோர் எழுத்துரு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன் அகலம் வேறு, வரி உயரம் வேறு. தமிழில் சொற்கள் நீளமானவை. ஒரு வரியில் ஏழெட்டுச் சொற்களே பிடிக்கும்போது சிறிய அகல வேறுபாடுகூட வரியை உடைத்துவிடும். டைப் செய்தவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். பல ஆண்டுகள் கழித்து எங்கோ எடுக்கப்பட்ட முடிவு அவர் கோப்பைக் கலைத்தது.

இன்னொன்றும் உண்டு, தமிழ் டைப் செய்யும் பலருக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. வேர்ட் கோப்பு ஒவ்வொரு எழுத்துத் துண்டுக்கும் இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. ஆங்கிலம் போன்ற எழுத்துகளுக்கு ஓர் எழுத்துரு, ஓர் அளவு. தமிழ், இந்தி, அரபி போன்றவற்றைச் சிக்கல் எழுத்துமுறை என்று தனியாகப் பிரித்து, அவற்றுக்கு வேறோர் எழுத்துரு, வேறோர் அளவு. தடித்த எழுத்துக்குக்கூடத் தனிக் குறி. ஆபீஸில் அத்தகைய மொழி ஒன்றை இயக்கி வைத்தால்தான் எழுத்துருப் பெட்டியில் இந்த இரண்டாம் பகுதி கண்ணுக்குத் தெரியும். தெரியாதவர் ஸ்டைலில் 12 என்று போடுகிறார். உள்ளே ஆங்கிலத்துக்கு 12, தமிழுக்குப் பழைய 11 என்று பிரிந்து நிற்கக்கூடும். லிப்ரே ஆபீஸிலும் இதே இரட்டைக் கணக்கு இருக்கிறது. கோப்பு இடம் மாறும்போது ஆங்கிலச் சொல் ஓர் அளவிலும் தமிழ்ச் சொல் வேறோர் அளவிலும் வந்து நிற்பதைப் பார்த்து, கவனக்குறைவு என்று சிவப்பு மையில் எழுதுகிறார்கள். கண்ணுக்குக் காட்டாத ஒன்றில் எப்படிக் கவனமாக இருக்க முடியும்?

மென்பொருளின் நடத்தை எவ்வளவு பிடிபடாதது என்பதற்குத் தயாரிப்பாளரின் சொந்த ஆவணமே சாட்சி. ஆபீஸின் எக்ஸ்எம்எல் வடிவம் 2006 டிசம்பரில் எக்மா 376 என்ற தரமாக வெளிவந்தது. ஏறத்தாழ 6,000 பக்கம். அதில் வேர்ட் 95 போல இடைவெளி விடு, வேர்ட் 97-இன் வரிமுறிவு விதியைப் பின்பற்று என்ற வகையில் சில கட்டளைகள் இருந்தன. அந்தப் பதிப்புகள் சரியாக என்ன செய்தன? அந்த நடத்தையைச் சொற்களில் முழுமையாக எழுத இயலாது, வேண்டுவோர் அந்தப் பழைய மென்பொருளின் விளைவைப் பார்த்து நகலெடுக்கட்டும் என்ற பொருளில் அந்த ஆவணமே சொன்னது. எதிர்ப்பு எழுந்த பிறகு, 2008-இல் ஐஎஸ்ஓ 29500 ஆனபோது விளக்கங்கள் சேர்க்கப்பட்டு, இக்கட்டளைகள் இடைக்கால வகைக்கு ஒதுக்கப்பட்டன. அந்த வாக்கெடுப்பில் இந்தியா எதிர்த்தே வாக்களித்தது. 6,000 பக்கம் எழுதியவர்களாலேயே சொல்ல முடியாத நடத்தையை, ஆறு வாரப் பயிற்சி பெற்ற தட்டச்சர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

இந்த இடத்தில் வழக்கமாக வரும் மறுவாதம், எல்லாரும் புதிய பதிப்பை வாங்கிவிட்டால் பிரச்சினை தீரும் என்பது. செலவு ஒருபுறமிருக்க, அது உண்மையுமில்லை. வேர்ட் 97 வந்தபோது அதன் கோப்பை வேர்ட் 95-இல் திறக்க முடியவில்லை. பழைய வடிவில் சேமி என்று கட்டளையிட்டால், அது ஆர்டிஎஃப் கோப்பை எழுதி டாக் என்ற பெயரைச் சூட்டியது. பிறகு வந்த திருத்தத்தில்தான் சரியான மாற்றி கிடைத்தது. 2007-இல் ஆபீஸ் 2003-க்கு வந்த மூன்றாம் சர்வீஸ் பேக், பாதுகாப்பைக் காரணம் காட்டி, பழைய கோப்பு வடிவங்கள் சிலவற்றைத் திறக்கவே மறுத்தது. 2018 ஜனவரியில் நடந்தது இன்னும் கடுமையானது. பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டதால் ஈக்வேஷன் எடிட்டர் 3.0, புதுப்பிப்பை ஏற்றிய எல்லாக் கணினிகளிலிருந்தும் ஒரேயடியாக நீக்கப்பட்டது. கணிதம், இயற்பியல் ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த வினாத்தாள்களில் சமன்பாடுகள் கண்ணுக்குத் தெரிந்தன, திருத்த முடியவில்லை. ஓட்டையை அடைத்தது சரிதான். ஆனால் புதுப்பிப்பை ஒழுங்காக ஏற்றியவர்கள்தான் அன்று பாதிக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மென்பொருள் வளர்ந்தால் பக்கம் மாறத்தான் செய்யும், அது தவிர்க்க முடியாதது என்பது இன்னொரு வாதம். டொனால்ட் கனூத் உருவாக்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் இதைப் பொய்யாக்குகிறது. 1978-இல் முதலில் வெளிவந்து, 1982-இல் திருத்தி எழுதப்பட்டு, 1990-இல் மூன்றாம் பதிப்போடு அது உறைநிலைக்கு வந்தது. அதன்பின் புதிய வசதி கிடையாது, பிழைத் திருத்தம் மட்டுமே. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பு எண் பை (π) என்ற கணித மாறிலியின் மதிப்பை ஓர் இலக்கம் நெருங்கும். 2021-இல் அது 3.141592653. அதே எழுத்துருவும் அதே கட்டளைக் கோப்புகளும் இருந்தால் அன்று எழுதிய கட்டுரை இன்றும் அதே இடத்தில் வரி பிரிகிறது. டெக் வேறு, வேர்ட் வேறு என்பார்கள். உண்மைதான், சாதாரண அலுவலகத்துக்கு டெக்கைப் பரிந்துரைக்க முடியாது. ஆனால் வரிப்பிரிப்பைப் பல பத்தாண்டுகள் மாறாமல் காப்பது ஒருவர் எடுக்கும் முடிவு என்பதை அது நிரூபித்துவிட்டது. வேர்டுக்குள் இருக்கும் இணக்கமுறையும் அதையே நிரூபிக்கிறது. பழைய விதிகளை மைக்ரோசாஃப்ட் தூக்கி எறியவில்லை, உள்ளே வைத்திருக்கிறது. எது எப்போது இயங்குகிறது என்று பயனருக்குத் தெளிவாகச் சொல்லாததே குறை.

எழுத்துருவிலும் அதே குறைதான். பேஜ்மேக்கரிலும் இன்டிசைனிலும் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: கோப்பில் கேட்ட எழுத்துரு கணினியில் இல்லையென்றால் திறக்கும்போதே எச்சரிக்கை வரும். வேர்ட் ஓசைப்படாமல் வேறொன்றைப் போட்டுக்கொள்கிறது. எதற்குப் பதில் எது வந்தது என்று காட்டும் பட்டியல் இருக்கிறது. அமைப்புகளுக்குள் மேம்பட்டவை என்ற பகுதியில், பலர் எட்டிப் பார்க்காத இடத்தில். எழுத்துருவைக் கோப்போடு சேர்த்து அனுப்பும் வசதியும் பல ஆண்டுகளாக இருக்கிறது. தானாக இயங்காது, தேடிப் போய் டிக் செய்ய வேண்டும். நோய் என்னவென்று தயாரிப்பாளருக்குத் தெரியும், மருந்தும் கையில் இருக்கிறது. அது பெட்டிக்குள் பூட்டியிருக்கும்போது நோயாளியைத் திட்டுவது என்ன நியாயம்?

பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள், தொல்லை தீரும் என்பவர்கள் பாதிச் சரி. படிக்கவும் அச்சிடவும் அதுவே வழி; நீண்டகாலச் சேமிப்புக்கென்று 2005-இலேயே பிடிஎஃப்/ஏ தரம் வந்துவிட்டது, அதில் எழுத்துரு கோப்புக்குள் இருந்தே ஆக வேண்டும். ஆனால் நெறியாளர் திருத்த வேண்டிய அத்தியாயத்தையும், மூன்று மேசைகளில் சேர்த்தல் நீக்கல் நடக்க வேண்டிய வரைவையும் பிடிஎஃப்பில் வைத்துக்கொண்டு வேலை நடக்காது. திறந்த வடிவமான ஓடிஎஃப் வந்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. 2006-இலேயே ஐஎஸ்ஓ தரமான அது, கோப்பில் என்ன இருக்கிறது என்பதை யாரும் படிக்க வழிசெய்கிறது. பக்கத்தை எப்படிக் கட்ட வேண்டும் என்பதை அதுவும் முழுதாக வரையறுக்கவில்லை; லிப்ரே ஆபீஸில் ஒருவிதமாகவும் வேர்டில் ஒருவிதமாகவும் அதே கோப்பு தெரியலாம். பிரிட்டன் அரசு 2014 ஜூலையில் எடுத்த முடிவு இரண்டையும் பிரித்துப் பார்த்தது: திருத்துவதற்கு ஓடிஎஃப், பார்ப்பதற்கு பிடிஎஃப்/ஏ அல்லது எச்டிஎம்எல். அந்தப் பிரிவினையே இங்கும் தேவை.

இந்தியாவும் 2010 நவம்பரில் மின்னாளுமைக்கான திறந்த தரநிலைக் கொள்கையை அறிவித்தது. அதன் உணர்வு அலுவலக மேசைகளுக்கு வந்து சேர வேண்டும். வேர்ட் கோப்பை வாங்கி வைத்துக்கொண்டு, தன் கணினியில் அது தெரியும் கோலத்தை வைத்து மார்ஜினையும் பக்க எண்ணையும் அளக்கும் பல்கலைக்கழகங்கள் அந்த வழக்கத்தைக் கைவிட வேண்டும். வடிவத்தை அளக்க பிடிஎஃப்/ஏ கேளுங்கள். உள்ளடக்கத்தைத் திருத்த மட்டும் வேர்டோ ஓடிஎஃப்போ கேளுங்கள். தமிழ் ஆவணம் கேட்கும் துறைகள் எழுத்துருவின் பெயரைச் சொல்வதோடு நிற்காமல், எல்லாரும் இலவசமாக நிறுவக்கூடிய ஒன்றைத் தேர்ந்து, அதன் கோப்பையும் சேர்த்தே தர வேண்டும். பயிற்சி மையங்கள் ஸ்டைலோடு இணக்கமுறையையும், எழுத்துருவைச் சேர்த்துச் சேமிப்பதையும், தமிழுக்கான இரண்டாம் அளவையும் பாடத்தில் வைக்க வேண்டும். இல்லாத எழுத்துருவுக்குத் திறக்கும்போதே எச்சரிக்கை தருவது தயாரிப்பாளரின் கடமை.

கலைந்த கோப்பு ஒன்று உங்கள் மேசைக்கு வந்தால், டைப் செய்தவரைக் கூப்பிடும் முன் இரண்டு இடங்களைப் பாருங்கள்: மேலே தலைப்புப் பட்டையில் இணக்கமுறை என்ற குறிப்பு இருக்கிறதா, மேம்பட்ட அமைப்புகளில் உள்ள எழுத்துரு மாற்றுப் பட்டியலில் எதற்குப் பதில் எது வந்திருக்கிறது. காரணம் அங்கே இருந்தால் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பாதீர்கள்.